மட்டன் சாப்பிட்டா வெயிட் போடுமா? பழி கறிக்கு, கலோரி எங்கே?

உடம்பைக் குறைக்கணும்னு முடிவெடுத்ததும் பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது மட்டன்தான். "இனிமே சிக்கன் மட்டும்தான்" என்று சபதம் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி போய் சிக்கன் 65 வரும், கூடவே பரோட்டாவும் வரும். மூணு மாசம் கழித்து எடை மெஷினில் ஏறினால் முள் பழைய இடத்திலேயே நிற்கும்.

அப்படியென்றால் சிவப்பு இறைச்சிக்கும் எடைக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் 1.2 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு, 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. சிவப்பு இறைச்சியைத் தினமும் ஒரு பங்கு கூட்டிக்கொண்டவர்களுக்கு, 4 ஆண்டுகளில் அதன் கணக்கில் ஏறியது சுமார் 430 கிராம். உருளைக்கிழங்குக்கு அது 580 கிராம், சிப்ஸுக்கு 770 கிராம்.

ஐரோப்பாவில் 10 நாடுகளில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. தினமும் 250 கிராம் இறைச்சி கூடுதலாகச் சாப்பிட்டால் 5 ஆண்டுகளில் 2 கிலோ கூடும் என்றது. அதில் எடையோடு வலுவான தொடர்பு காட்டியது எது தெரியுமா? கோழிக்கறி! சிக்கனுக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்கணும். இரண்டுமே சாப்பாட்டுப் பழக்கத்தைக் கேட்டறிந்து போட்ட கணக்குகள்தான், கறிதான் காரணம் என்று அடித்துச் சொல்பவை அல்ல. அதிலும் அங்கே பேச்சு தினமும் சாப்பிடுவதைப் பற்றி. நம்மூரில் பெரும்பாலான வீடுகளில் மட்டன் வாரம் ஒருநாள் வந்தாலே பெரிது, விற்கிற விலை அப்படி.

கொழுப்பு நீக்கிய பச்சை வெள்ளாட்டுக்கறி 100 கிராமில் சுமார் 110 கலோரி, 20 கிராம் புரதம், 2 முதல் 3 கிராம் கொழுப்பு இருக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி. ஆனால் கறிக்கடையில் "கொழுப்பு கொஞ்சம் சேர்த்துப் போடுங்க பாய்" என்று கேட்டு வாங்குகிறோம். தாளிக்க நாலு கரண்டி எண்ணெய், அரைத்துவிட்ட தேங்காய், குழம்பு ருசிக்காக ரெண்டாவது தடவையும் போட்டுக்கொள்ளும் சோறு. தட்டில் விழும் கறி என்னவோ நாலு துண்டுதான். பழி மட்டும் அந்த நாலு துண்டுக்கு.

இதில் அதிகம் இழப்பவர்கள் பெண்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4% பேருக்கு எடை அதிகம், 53.4% பேருக்கு ரத்தசோகை. கீரையிலிருப்பதைவிடக் கறியிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். ரத்தம் ஊறணும்னு சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் சும்மா வந்ததில்லை. ஏற்கெனவே எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சக் குழம்பையும் எலும்பையும் சாப்பிடுகிற அம்மா, "வெயிட் போடும்"னு அதையும் விட்டுவிட்டால், அவர் தட்டில் குறைவது இரும்புச்சத்து. சோறு குறைவதில்லை.

இதய நோய், கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-லேயே சேர்த்துவிட்டது. அது எடைக்கு அப்பாற்பட்ட விஷயம்.

எடைதான் கவலை என்றால், கடையிலேயே கொழுப்பை நீக்கிவிட்டு வெட்டித் தரச் சொல்லலாம். குழம்பு ஆறியதும் மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்தெடுக்கலாம். ரெண்டாவது கரண்டி சோற்றைக் குறைத்துவிட்டு ரெண்டு துண்டு கறியைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், முதலில் அம்மாவுக்கு.