குழந்தையின் துணியும் குருட்டு நம்பிக்கையும்

குழந்தையின் மலம் இளகினாலும் நிறம் மாறினாலும் பட்சிதோஷமென்றும் தொக்கமென்றும் சொல்லி, மந்திரிப்பவனைத் தேடி ஓடும் பெற்றோர் இன்றும் இருக்கின்றனர். முதலிரண்டு நாள் கருப்பாய்ப் பிசுபிசுவென்று போவது கருவிலேயே குடலில் சேர்ந்த மலம். 5-ஆம் நாளுக்குள் அது மஞ்சளாகும். தாய்ப்பாலுண்ணும் குழந்தை நாளொன்றுக்குப் பல தடவை இளகலாய்ப் போவதும் இயற்கையே. இதில் தோஷத்திற்கு என்ன வேலையென்று நாம் கேட்கின்றோம்.

ஆனால், மலம் சுண்ணாம்புபோல் வெளுத்தாலும் இரத்தங் கலந்தாலும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். வெளுப்பு பித்தநாள அடைப்பின் குறியாயிருக்கலாம். 60 நாளைக்குள் ரணசிகிச்சை செய்தால் பலன் அதிகம். அந்த நாட்களைத் தாயத்துக்குத் தொலைத்துவிட்டுப் பின்னர் விதியென்று அழுவது யாரை ஏமாற்ற?

ஆகவே, பஞ்சாங்கத்தைப் பார்ப்பதை விட்டுக் குழந்தையின் துணியைப் பாருங்கள் என்பதே பெற்றோருக்கு நாம் கூறுவது.