எண்ணூர் போர் தண்ணியில நுரை வரலையா? கொதிக்க வைக்காதீங்க!

எண்ணூர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணியில் சோப்பு போட்டால் நுரைக்குப் பதில் வெள்ளைத் திரிதான் மிதக்கும். தண்ணியில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாகும் கசடு அது.

'கொதிக்க வெச்சா சரியாயிடும்' என்பது பாதி உண்மைதான். சூட்டில் படிவது பைகார்பனேட் மட்டும். மீஞ்சூர், எண்ணூர் பகுதியில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. அது கொண்டுவந்த குளோரைடு கடினத்தன்மை கொதித்தாலும் போகாது, கேஸ்தான் வீண். படிகாரமும் கலங்கலைத்தான் தெளிய வைக்கும்.

மலிவான வழி, வாஷிங் சோடா (சமையல் சோடா இல்லைங்க, அது வேற). 10 லிட்டர் வாளிக்கு ஒன்று, இரண்டு டீஸ்பூன் கரைத்து, அரை மணி நேரம் விட்டு, மேல் தண்ணியை இறுத்துத் துவையுங்க. பட்டு, கம்பளிக்கு வேண்டாம்.

ஆனால் இதில் உப்பு போகாது. மழைத் தண்ணி நிலத்துக்குள் இறங்கணும். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாச்சு. 2010-ல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் தினமும் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் வந்தாச்சு. மொட்டை மாடிக் குழாய் மண்ணுக்குள் போகுதா, சாக்கடைக்குப் போகுதான்னு மட்டும் யாரும் வந்து பார்ப்பதில்லை.