காட்டில் குளிக்க வழிகாட்டி எதற்கு?

குளியல் என்றவுடன் ஆறும் அருவியும் நம் நினைவுக்கு வரும். ஜப்பானியரோ தண்ணீரின்றியே குளிக்கிறார்கள்! காட்டுக்குள் மெல்ல நடந்து, அதன் மணத்திலும் ஒலியிலும் தோய்வதற்கு 'ஷின்ரின்-யோக்கு', அதாவது வனக்குளியல் என்று பெயர். 1982-ஆம் ஆண்டு அந்நாட்டு வனத்துறை இப்பெயரை அறிமுகப்படுத்தியது. நாகானோ மாகாணத்தில், முந்நூறு ஆண்டுகளைக் கடந்த ஹினோகி மரங்கள் ஓங்கி நிற்கும் அகசாவா வனமே இதன் பிறப்பிடம்.

மரநிழலில் நடக்க வழிகாட்டி எதற்கு, அவருக்குக் கட்டணம் எதற்கு என்று கேட்பார் உளர். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் வழி காட்டுவதற்காக வருபவர் அல்லர். நம் வேகத்தைத் தடுக்க வருபவர். நாமாகச் சென்றால் என்ன செய்வோம்? ஓயாமல் பேசுவோம், படம் பிடிப்போம், மறுமுனையை எட்ட விரைவோம். அவரோ கைப்பேசியைப் பைக்குள் வைக்கச் சொல்கிறார். ஓரிரு கிலோமீட்டர் நடக்க இரண்டு மணி நேரம் ஆகிறது! மரப்பட்டையைத் தடவுவதும், உதிர்ந்த இலையைக் கசக்கி முகர்வதும், கண்மூடி ஓடையைக் கேட்பதுமே வேலை. சும்மா இருப்பது எளிதென்போர் கால்மணி நேரம் இருந்து பார்க்கட்டும்.

இதனால் உடலுக்கு நன்மை உண்டா? டோக்கியோ மருத்துவரான சிங் லீ, 2005-இல் பெரு நிறுவன ஊழியர் 12 பேரை மூன்று நாள் காட்டுக்கு அழைத்துச் சென்றார். நோயை எதிர்க்கும் ஒருவகை இரத்த அணுக்களின் செயல் அவர்களிடம் கூடியிருந்தது. அவர்கள் அனைவரும் ஆண்கள். பின்னர் மருத்துவமனைச் செவிலியர் 13 பேரிடமும் அவ்வாறே கண்டார். மகிழ்ச்சியான செய்திதான். ஆயினும் இத்தனை சிறு கூட்டத்தை வைத்து, வனக்குளியல் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது முறையன்று. மன இறுக்கம் தளர்கிறது, இரத்த அழுத்தம் சற்றே தணிகிறது என்ற அளவில் சொல்வதே நேர்மை.

என் மனத்தில் நிற்பவர்கள் அந்தச் செவிலியர்தாம். மிகையான வேலையால் நேரும் மரணத்துக்கு 'கரோஷி' என்று தனிச்சொல்லே வைத்திருக்கும் நாடு அது. அதைத் தடுக்க 2014-இல் சட்டமும் இயற்றியது. காட்டில் மூன்று நாள் தங்கியவர் திரும்பி வருவது அதே இரவுப் பணிக்கு அல்லவா? அவரைக் களைப்படையச் செய்தது காடு இல்லாமை மட்டுமா? பணி நேரத்தைக் குறைக்க மனமில்லாத நிர்வாகம், ஆண்டுக்கொரு முறை காட்டுக்குச் சீட்டு வாங்கித் தந்து தன் கடமை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. வனக்குளியலும் வேண்டும், ஊருக்குள் வாரம் ஒரு நாள் முழு ஓய்வும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால், நான் அவர்களுக்காக ஓய்வு நாளையே முதலில் கேட்பேன்.