ஆபரேஷன் பாதி, விரல் பாதி

மணிக்கட்டு உடைஞ்சவங்களுக்கு நம்ம ஆளுங்க சொல்ற அறிவுரை ரெண்டே ரெண்டு. ஒண்ணு, "கையை அசைக்கவே அசைக்காதே". இன்னொண்ணு, "அதான் உள்ளே பிளேட் வச்சாச்சே, இனிமே என்ன?". ரெண்டுமே தப்பு. ரெண்டாலயும் கை கெட்டுப்போகும்னு சண்டை போடத்தான் இதை எழுதறேன். ஒரு கையால தட்டறதால கொஞ்சம் லேட் :-)

ஏப்ரல்ல வழுக்கி விழும்போது வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டை ஒட்டின ஆரை எலும்பு மூட்டு வரைக்கும் நொறுங்கிடுச்சு. ஊர்லேருந்து முதல் போன், "புத்தூர் கட்டு போட்டா போதுமே". நகராத எலும்புக்கு வெறும் கட்டு போதும், சரி. ஆனா மூட்டுக்குள்ளயே துண்டு விலகி நின்னா, அதை வெளியிலேருந்து பிடிச்சு உட்கார வைக்கிறதும், அது அப்படியே நிக்கிறதும் கஷ்டம். இறுக்கிக் கட்டினா இன்னொரு ஆபத்து. ரத்த ஓட்டம் நின்னு தசை சுருங்கி, விரல் கொக்கி மாதிரி மடங்கிடும். வோல்க்மன்ங்கிற ஜெர்மன் டாக்டர் 1881லயே இதை எழுதி வச்சிருக்கார். கட்டுக்கு அப்புறம் விரல் மரத்துப்போனாலோ, நீட்டினா உயிர் போற மாதிரி வலிச்சாலோ "பொறுத்துக்கோ"ன்னு சொல்லாதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். எனக்கு உள்ளங்கைப் பக்கமா பிளேட் வச்சு ஸ்க்ரூ போட்டாங்க. ரூம் வாடகை, பிளேட், மயக்க டாக்டர்னு எஸ்டிமேட் ஒரு பக்கம் முழுக்க இருந்துச்சு. அதுல பிஸியோதெரபிங்கிற வார்த்தையே இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டுல கடைசி வரியா "ரெஸ்ட்". எதுக்கு ரெஸ்ட்? மணிக்கட்டுக்கா, விரலுக்கா, முழங்கைக்கா, தோளுக்கா? கேட்டப்புறம்தான் சொன்னாங்க. விரலை மறுநாள்லேருந்தே மடக்கி நீட்டணும். கட்டை விரல் நுனி மத்த நாலு விரலையும் தொடணும். முழங்கை, தோள் ரெண்டும் தினம் அசையணும். வீக்கம் வடிய கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைக்கணும். சீட்டுல இல்லாத இந்த நாலு வரிதான் பாதி வைத்தியம்!

அம்மா போன்ல "அசைக்காதே கண்ணு"ன்னு அழுவாங்க. அந்தப் பாசத்தை நம்பி தூளி கட்டி ஆறு வாரம் தொங்கவிட்டா, எலும்பு கூடியிருக்கும், விரல் மடங்காது. எக்ஸ்ரேல எல்லாம் சரியா தெரியும், தோசை கிள்ள முடியாது.

எதிர் கட்சி என் மச்சான். எங்க மாஹிம் வீட்டு ஜன்னல்ல பாக்ஸ் கிரில் மேல நானே போட்ட தகரம் ஒண்ணு இருக்கு. பழைய கட்டடம், கடல் காத்து, வெயில். ஸ்க்ரூவுக்கு அடியில இருந்த ரப்பர் வாஷர் எல்லாம் வெடிச்சுப்போய், போன வருஷக் கடைசி மழையில உள்சுவர் ஊறி பெயின்ட் உரிஞ்சிடுச்சு. மும்பைக்கு மழை வர்ற வழக்கமான தேதி ஜூன் 11. அதுக்குள்ள முடிக்கணும். "பிளேட்தான் இருக்கே, டிரில்லைப் பிடிங்க மாமா"ங்கறான் மச்சான். பிளேட் எலும்பு கூடற வரைக்கும் தாங்கிப் பிடிக்கத்தான், டிரில் உதறலைத் தாங்கறதுக்கு இல்லை. டாக்டர் தெளிவா சொல்லியிருந்தார்: ஆறு வாரத்துக்கு வாளி தூக்கக்கூடாது, கையை ஊன்றக்கூடாது.

அதனால வேலையைப் பிரிச்சோம். டிரில் மச்சானுக்கு. சுவர் இடுக்கைச் சுரண்டி, காய வச்சு, சீலன்ட் தடவறது தங்கமணிக்கு (ஈரத்துலயும் தூசியிலயும் சீலன்ட் ஒட்டவே ஒட்டாது). தகரத்தோட மேட்டுலதான் ஓட்டை போடணும், பள்ளத்துல போட்டா தண்ணி அங்கதான் ஓடும். விளிம்பைக் கீழ்நோக்கி மடக்கலைன்னா தண்ணி அடிப்பக்கமாவே ஊர்ந்து சுவருக்குத் திரும்பி வரும். இதெல்லாம் சொல்றது என் வேலை. அதோட புது வாஷரை ஒவ்வொண்ணா எடுத்து ஸ்க்ரூல கோர்த்தேன், டாக்டர் அனுமதிச்ச விரல்களால. நாப்பது வாஷர். அன்னைக்கு பிஸியோவுக்கு அதுவே போதும்னு சொல்லலாம்.

"உள்ளே ஒரு கோட் பெயின்ட் அடிச்சா போச்சு"ன்னு சொன்னவங்களும் உண்டு. ஓட்டை வெளியில இருக்க உள்ளே பெயின்ட் அடிக்கிறதும், பிளேட் போட்டுட்டு பிஸியோவை விடறதும் ஒரே புத்திதான். கண்ணுக்குத் தெரியற செலவை மட்டும் செய்யற புத்தி.

எனக்கு ஆபீஸ் லீவு இருக்கு, பிடிச்சுக்க ஆள் இருக்கு. ரெண்டு கிலோமீட்டர் தாண்டி தாராவியில பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அண்ணாச்சிக்கு? 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோட அட்டவணையில கட்டை விரல் போனா 30 சதவீதம், ஒரு கை போனா 60 சதவீதம்னு இருந்துச்சு. பாதி மடங்கற விரலுக்கு அதுல கணக்கே இல்லை. டாக்டர் மதிப்பிட்டு எழுதினாத்தான் உண்டு. முதலாளி யாருன்னே காகிதத்துல இல்லாதவருக்கு அதுவும் கிடையாது. ஊசியில நூல் கோர்க்க முடியாத கை அவருக்கு இருந்தும் இல்லாத கைதான்.

அதனால, ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களே, "தன் கையே தனக்கு உதவி"ன்னு வீம்பு பேசாதீங்க. அந்தக் கையே கட்டுல இருக்கறப்போ அடுத்த வீட்டுக் கையைக் கேளுங்க. எஸ்டிமேட் கொடுத்ததும் "பிஸியோ எத்தனை நாள், எவ்வளவு?"ன்னு கேளுங்க, இன்ஷூரன்ஸ்காரரையும் அதே கேள்வி கேளுங்க. காசு கஷ்டம்னா சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரியில பிஸியோதெரபி பிரிவு இருக்கு. ஹாஜி அலி பக்கத்துல 1955லேருந்து மத்திய அரசோட மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கு. தெரிஞ்ச தையல்காரர், சமையல்காரர் யாராவது கட்டோட தெரிஞ்சா, "விரலை மடக்கறீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கேட்க காசு ஆகாது.