மட்டாஞ்சேரியை ஐந்து துண்டாக்கும் நிரல்

தமிழ்த் தரவில் பிழை மலிந்திருப்பதால் சொற்களைக் கணினியால் எண்ண இயலவில்லை என்று ஆய்வேடுகளில் எழுதுவதை நிறுத்துவோம். பிழை தரவில் இல்லை. நம் நிரலில் இருக்கிறது.

நான் களப்பணி செய்யும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானின் ‘ரீ’ தொகுப்பில் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ்’ என்னும் ரெகுலர் எக்ஸ்பிரஷனைக் கொண்டு ‘மட்டாஞ்சேரி’யைத் தேடினால் மட, ட, ஞ, ச, ர என ஐந்து துண்டுகள் கிடைக்கின்றன. ‘ஃபுல்மேட்ச்’ பொருத்தமே இல்லை என்கிறது. ‘மேட்ச்’ இன்னும் மோசம்: முதல் இரண்டு எழுத்துகளோடு நின்றுவிட்டு, பொருந்தியது என்கிறது. மலையாள எழுத்தில் எழுதினாலும் இதே கதிதான்.

அத்தொகுப்பு எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றையே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. யூனிகோடு ‘குறி’ என வகைப்படுத்திய புள்ளியும் உயிர்க்குறிகளும் அதற்குப் புறம்பானவை. மெய்யின் இயல்பே புள்ளி பெறுதல் என்ற தொல்காப்பியத்தைப் பாடமாகப் படித்தவர்கள் இதை எப்படி ஏற்றோம்? யூனிகோடின் 18ஆம் தொழில்நுட்பத் தரம் குறிகளையும் சேர்க்கச் சொல்கிறது. இம்முரண் பைத்தானின் பிழைப்பட்டியலில் 2011இலேயே பதிவாயிற்று. குறிகளை விலக்காத ‘ரெஜெக்ஸ்’ தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

அதுவும் போதாது. ‘கொச்சி’யின் கொகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், இரண்டாகவும் உள்ளிடலாம், கண்ணுக்கு ஒன்று, நிரலுக்கு வேறு. முதலில் இயல்பாக்கம் செய்யாதவரின் அட்டவணையில் ஒரே ஊர் இரண்டு சொற்களாகிவிடும்.

சொல் நிகழ்வெண் அட்டவணை தரும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் அதை எண்ணிய நிரலையும் நெறியாளர்கள் கேட்கட்டும். என் முதலாண்டு அட்டவணையை நான் கிழித்தெறிந்துவிட்டேன்.