விரல் மடங்கினால் முறிவில்லையா?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதை வளைவில் பைக் மோதினால், ஓட்டியவர் கை ஹேண்டில்பாரை விடாது. இறுகப் பிடித்த அந்தக் கைதான் மொத்த அடியையும் வாங்கும். புறங்கை வீங்கியதும் பக்கத்தில் நிற்பவர் சொல்வார்: "விரலை மடக்கு பார்ப்போம். மடங்குதுல்ல? அப்ப எலும்புக்கு ஒண்ணுமில்ல, சுளுக்குதான். உருவிக் கட்டுனா சரியாப்போகும்."

விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் உள்ளங்கை வழியாக விரல்நுனிக்குப் போகின்றன. மோதிரவிரல், சுண்டுவிரலுக்கான உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டை ஒட்டிய அடியில் உடைந்து, புறங்கைப் பக்கமாக விலகியிருந்தாலும் அந்த நாண்களுக்குச் சேதமில்லை. வலித்தாலும் விரல் மடங்கும். துருத்திய எலும்பையோ வீக்கம் மூடிவிடும்.

"எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லையே" என்பார்கள். எந்த எக்ஸ்ரே? நேராக எடுத்த ஒரே படத்தில் எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து விலகலை மறைக்கும். சரியான பக்கவாட்டுப் படமும், கையைச் சுமார் 30 டிகிரி திருப்பி எடுத்த சாய்வுப் படமும் வேண்டும். சந்தேகம் நீடித்தால் சி.டி. ஸ்கேன்.

உருவிக் கட்டுவதுதான் இதில் பெரிய ஏமாற்றம். இழுத்தால் எலும்பு 'டக்'கென்று உள்ளே போகும். பார்ப்பவருக்கு வைத்தியம் முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் மணிக்கட்டைச் சாய்க்கும் நாண் ஒன்று சுண்டுவிரல் எலும்பின் அடியிலேயே ஒட்டியிருக்கிறது. கையை விட்டதும் அது எலும்பை மறுபடி வெளியே இழுத்துவிடும். டப்ளினில் எட்வர்ட் பென்னட் 1882-இல் விவரித்த கட்டைவிரல் அடி முறிவுக்கும் இதே குணம்தான். ஆகவே எண்ணெய்க் கட்டை மட்டும் குறைசொல்ல மாட்டேன்; மாவுக்கட்டுக்குள்ளும் எலும்பு நழுவும். மயக்கம் கொடுத்து, அந்த எலும்புகள் மணிக்கட்டோடு இணையும் மூட்டைச் சேர்த்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி மெல்லிய கம்பிகள் செருகி, நாலு முதல் ஆறு வாரத்தில் அவற்றை எடுத்துவிடுவார்கள். நாலைந்து வாரம் கட்டோடு கழித்துவிட்டு வந்தால் பெரும்பாலும் திறந்துதான் சேர்க்க வேண்டும்.

"சுண்டுவிரல்தானே, போகட்டும்" என்பவர் தம் முஷ்டியைத் தளர்வாக மூடி, பிறகு இறுக்கிப் பார்க்கட்டும். சுண்டுவிரல் முட்டி மட்டும் நன்றாகக் கீழிறங்கும். ஆள்காட்டி, நடுவிரலின் அடிமூட்டுகள் அசைவதேயில்லை எனலாம். சுண்டுவிரலுடையது 20, 30 டிகிரி வரை அசையும். கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் பூண்டு வயல் கொத்துகிறவர் கையில் மண்வெட்டிக் காம்பு சுழலாமல் நிற்பது இந்த அசைவால்தான். மூட்டு விலகியபடியே ஆறினால் பிடி தளரும், தேய்மானமும் வலியும் வரும்.

மடக்கச் சொல்வதோடு நிற்காமல் விரல்களைப் பக்கவாட்டில் அகல விரிக்கவும் சொல்லுங்கள். விரல்களை விரிக்கும் நரம்பின் ஆழ்ந்த கிளை சுண்டுவிரலின் அடிமூட்டுக்கு அருகிலேயே ஓடுகிறது. விரிக்க முடியாமல் போனாலோ, கை கல்லாக இறுகி, விரலை நாம் நிமிர்த்தும்போது உயிர்போகிற மாதிரி வலித்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். எலும்பு அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றிரவே மலையிறங்குங்கள். மோதிரம் இருந்தால் கிளம்பும்முன் கழற்றிவிடுங்கள்.