பழைய பெடல் மிதிக்கத்தான்

அமெரிக்க கன்ட்ரி இசையில் பெடல் ஸ்டீல் கிற்றாரை அழ வைப்பது கை மட்டுமில்லை, வலது காலும்தான். வொலியூம் பெடலைப் பாதி அமத்தியபடி தந்தியை மீட்டி, ஒலி தேயத் தேய மிச்சத்தையும் மிதித்தால் சுரம் சாகாமல் நீளும்.

பழைய டிஆர்மண்ட், ஷோ-பட் பெடல் வைத்திருக்கிற சிலர், உள்ளே ஒண்டையும் மாத்தக்கூடாது, மாத்தினால் விலை போயிடும் என்பார்கள். எனக்கு இது விளங்குவதேயில்லை. உள்ளே சுழலுற பொட், மிதிக்க மிதிக்கத் தேயுற சாமான். தேய்ந்தால் கரகரக்கும். ஷோ-பட்டில் அதைச் சுழற்றுவது வெறும் நூல்; அதுவும் ஒருநாள் அறும். டயர் மாத்தினதுக்காக அப்பாவின் சைக்கிளை வேற சைக்கிள் என்று சொல்லுவோமா? காலுக்குப் பழகினது பெடலின் பாரமும் சரிவும்தானே, பொட் இல்லையே.

கழட்டின பழைய பொட்டை ஒரு பையில் போட்டு வையுங்கோ. விக்கிற அண்டைக்குச் சேர்த்துக் குடுக்கலாம்.